லா லா இருந்த இடம்

அமெரிக்காவில் சோல்ட் லான்டர்ன் என்று ஒரு ரொக் பாண்ட். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு பாஞ்சோ, ஒரு வயலின், பின்னால் இடி மாதிரி டிரம்ஸ். இத்தாலியில் நாங்கள் இருந்த ஊரின் பல்லாரோ சந்தையில் அவர்களின் பாட்டு பழைய கசட்டாக எனக்குக் கிடைத்தது. உள்ளட்டையில் எழுதியிருந்தார்கள்: சுரங்கத்தில் செத்த அப்பாவுக்கு ஊர்ச்சனம் பாடிய பாட்டில்தான் பாண்ட் தொடங்கியதாம். அப்பாவின் பெயர் பாட்டிலேயே இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. அடுத்த வாரமே நானும் என் கூட்டாளி ஜெனோஜனும் ஒரு பாண்ட். அவனுக்கு மாண்டலின், எனக்கு இரண்டு பெயின்ட் வாளி.

எங்களுக்கும் ஒரு சாவுப்பாட்டு வேண்டும். ஜெனோஜனின் அம்மா விமலராணி அன்ரி, மன்னாரில் செத்தவீடுகளில் ஒப்பாரி சொன்னவர். சொந்தக் கணவருக்கு மட்டும் சொல்லவில்லை. ஜெனோஜனின் அப்பா பேனாட் அங்கிள் தொண்ணூறில் இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார். பிறகு ஒரு செய்தியும் இல்லை. வருவார் என்றுதான் அன்ரி சொல்வார். அந்தக் கதைக்கு வீட்டில் மறுபேச்சுக் கிடையாது.

"இதுக்குப் போய் வாளி அடிக்கப் போறியளோ, விசருகளே?" என்று சிரித்துக்கொண்டே சொல்லித் தந்தார். "இந்த இடத்திலை செத்தவரின்ரை பேர் வரும். பழகேக்கை ஒருத்தரின்ரை பேரையும் சொல்லாதேங்கோ."

அதனால் அந்த இடத்தில் ஜெனோஜன் லா லா பாடினான். எனக்குப் பிடிக்கவேயில்லை.

"அவங்கள் உண்மையான பேர் போட்டவங்கள். நீ என்னடா, பாலர் வகுப்பு மாதிரி!"

"வாளியை அடியடி, துஷாந்தி."

தொண்ணூற்றாறு ஜூன், ஒரு ஞாயிறு. கால்சா என்ற பகுதியில் கிறிஸ்தவக் கோயில் முற்றத்தில் பாடினோம். அன்ரி முன்வரிசையில். அந்த வரி வந்தது. ஜெனோஜன் கண்ணை மூடிக்கொண்டு, "பேனாட்டே" என்றான்.

என் கை நின்றுவிட்டது. அன்ரி எழும்பிப் போனார். ஏன்டா என்று கேட்டேன். "வேறை ஆரின்ரை பேரை நான் சொல்ல?" என்றான்.

மறுநாள் அன்ரியின் பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோருக்குப் போனோம். அவருக்காக இத்தாலியனில் கதைப்பது எப்போதும் நான்தான். கணவர் எங்கே என்று மேசையில் இருந்த உத்தியோகத்தர் கேட்டார். இந்தியாவில் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"செத்திட்டார் எண்டு சொல்லு."

"அன்ரி, அது சும்மா பாட்டு. நான்தான் அவனை..."

"ஆறு வருசம் அவன் அதை மனசிலை வைச்சுக்கொண்டு எனக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிட்டவன், பிள்ளை. நான்தான் அழவிடேல்லை."

சொன்னேன். எப்போது என்று அந்த உத்தியோகத்தர் கேட்டார்.

"நேற்று," என்றார் அன்ரி.

உத்தியோகத்தர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து, மேசைக்கு மேலால் கை நீட்டித் துக்கம் சொன்னார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அன்ரி அழத் தொடங்கினார்.