முன் சுவர்

சுவர்களைச் சோதிக்கப் பிரிட்சர்ட் வருகிறார் என்றால் அம்மா விடியும் முன்பே ப்ளீச் பாட்டிலும் பிரஷ்ஷுமாக மாடிக்குப் போய்விடுவாள். ஐராவின் அறைச் சுவரில் கறுப்பாகப் படர்ந்திருக்கும் பூசணத்தைத் தேய்த்துக் கழுவி, அது காயும் முன்பே மேலே வெள்ளை பெயின்ட் அடிப்பாள். வெளியாள் வரும்போது சுவர் அப்படி இருக்கக் கூடாது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அப்படி விடமாட்டாள்.

அன்றைக்கும் அடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்மா. அவர் பாக்கட்டும்."

"பாத்துட்டு? இந்த க்வெண்டா வீடு நாறுதுன்னு ஊரெல்லாம் சொல்லவா? போடி, போய் கெட்டில் வை."

நான் கெட்டில் வைத்தேன். எதிர்த்துப் பேச எனக்கு வராது.

ஐரா என் தங்கை. அந்த அறையில் படுத்துப் படுத்து நெஞ்சு கெட்டுப்போய், குளிர்காலத்திலிருந்து சித்தி வீட்டில் இருக்கிறாள். அந்தச் சுவர் உலர்கிற வரை அவளை அங்கே படுக்கவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் வேறு அறை இல்லை. நானே கீழே சோபாவில்தான் படுக்கிறேன்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கம்பெனிக்காரன் கதவைத் தட்டினான். இலவசமாகச் சுவருக்குள் பஞ்சு அடைக்கிறோம், வீடு கதகதப்பாக இருக்கும் என்றான். தெருவே சரி என்றது. இங்கே வீடுகளுக்கு இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். கடலிலிருந்து மழை பக்கவாட்டில் வந்து அறையும். வெளிச்சுவர் நனைந்தாலும் தண்ணீர் அந்த இடைவெளியிலேயே வழிந்து இறங்கிவிடும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் அப்படிக் கட்டினார்கள். கம்பெனி ஆட்கள் சுவரில் துளை போட்டு, அந்த இடைவெளி முழுக்கப் பஞ்சை ஊதி அடைத்துவிட்டுப் போனார்கள். பஞ்சு மழையைக் குடித்து உள்சுவருக்கு ஊட்டியது. என் பள்ளிச் சீருடையில்கூட அந்த வாடை ஏறியது. பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் போனபோது நான் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

கம்பெனியோ எங்களைத்தான் குறை சொன்னது. சமைக்கிறீர்களாம், துணியை உள்ளே காயப்போடுகிறீர்களாம், ஜன்னலைத் திறப்பதில்லையாம். எங்கள் மூச்சுக் காற்றில்கூட ஈரம் இருக்கிறதாம். மூச்சு விடாமல் எப்படி இருப்பது என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை.

போன தடவை கம்பெனி அனுப்பிய பிரிட்சர்ட் சமையலறையில் நின்றபோது வால்பேப்பர் ஒரே தாளாக உரிந்து அவர் தலைமேலேயே விழுந்தது. அதனால் சமையலறையின் பக்கச் சுவரில் மட்டும் பஞ்சை எடுத்துத் தருகிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள். முன் சுவர், அதாவது ஐராவின் அறைச் சுவர், நன்றாக இருக்கிறதாம். இருக்காதா பின்னே? ஒவ்வொரு தடவையும் புதுப் பெயின்ட்.

அன்று அந்த வேலைக்கு வந்த டில்வின், பக்கச் சுவரின் அடியில் செங்கற்களைப் பெயர்த்தார். மேலே இருந்த துளை வழியாகக் காற்றை அடித்து, கீழே தடிமனான குழாயை வைத்து உறிஞ்சினார். ஊறிய பஞ்சு கட்டி கட்டியாக வந்து குழாயை அடைத்தது. அவர் அதைக் கையாலேயே பிடுங்கிப் போட்டார்.

பிரிட்சர்ட் மாடிக்குப் போய் ஐராவின் சுவரில் ஈரமானியை வைத்தார். அது கத்தியது.

"இது பெயின்ட் ஈரம் மேடம். இப்பத்தானே அடிச்சிருக்கீங்க? சுவர்ல ஒண்ணும் இல்ல. பக்கச் சுவரோட முடிச்சுக்கலாம்."

அம்மா கையிலிருந்த தேநீர்த் தட்டைக் கட்டில்மேல் வைத்தாள். அவள் முகம் சிவந்ததைப் பார்த்தேன். பிறகு அந்தச் சுவரோடு ஒட்டியிருந்த அலமாரியின் ஓரத்தைப் பிடித்தாள்.

"கேரிஸ், அந்தப் பக்கம் பிடி."

இழுத்தோம். கனம் தாங்காமல் அவள் ஒருபோதும் நகர்த்தாத அலமாரி அது. பின்னால் தரையிலிருந்து கூரை வரை சுவர் கரியாக இருந்தது. ஐராவின் குட்டிக் கோட் ஒன்று பின்னால் விழுந்து, பச்சை பூத்துக் கிடந்தது.

"பாருங்க. நல்லா பாருங்க."

பிரிட்சர்ட் பார்த்தார். "அலமாரியைச் சுவரோட ஒட்டி வெச்சா காத்து எப்படிப் போகும், மேடம்? எல்லா வீட்லயும் நாங்க சொல்றதுதான் இது."

அம்மா ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள். எங்கள் அம்மா! வாசற்படியைத் தினமும் தேய்த்துக் கழுவுகிறவள்!

"நெரிஸ்! ஏய் நெரிஸ்! மேல வா. என் வீட்டு அழுக்கைப் பாக்க வா. வர்றவங்களையும் கூட்டிட்டு வா!"

பக்கத்து வீட்டு நெரிஸ் ஏப்ரனோடு ஓடிவந்தாள். பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். சுவரைப் பார்த்ததும் நெரிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிப்பாவி. எங்க வீட்லயும் இதே இடம்தான்."

"உன் வீட்லயா? எப்ப வந்தாலும் எலுமிச்சை மணக்குமே!"

"அது ப்ளீச் வாடையை மறைக்கத் தெளிக்கறதுடி. உனக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்னு."

"எங்க வீட்ல நான் அதுமேல சாமி படம் மாட்டி வெச்சிருக்கேன்" என்றாள் பின்னால் நின்றவள். யாரோ சிரித்தார்கள். நெரிஸ் சிரிக்கவில்லை.

"மிஸ்டர் பிரிட்சர்ட், தெருவுல எல்லாருமா அலமாரியைத் தப்பா வெச்சிட்டோம்?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார். வாசலை அடைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள்.

"சரி. ஒரே ஒரு செங்கல். எடுத்துப் பாத்துடலாம்."

எல்லோரும் கீழே இறங்கினோம். டில்வின் முன் சுவரில் ஜன்னலுக்குக் கீழே உளியை வைத்தார். செங்கல் கழன்று வந்தது. முதலில் ஒன்றும் விழவில்லை. அவர் விரலை விட்டுக் கிளறியதும், சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி நழுவி நடைபாதையில் விழுந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் வழிந்தது. வானத்தில் அன்று ஒரு பொட்டு மழை இல்லை.

பிரிட்சர்ட் தொண்டையைச் செருமினார். "இவ்வளவு மோசம்னா முன்னாடியே காட்டியிருக்கலாமே மேடம். பெயின்ட் அடிச்சு மறைச்சா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தனை பேர் நடுவில் என் குரல் வெளியே வந்தது.

"காட்டினோமே. குளிர்காலத்துக்கு முன்னாடி நீங்க வந்தப்பல்லாம் என் தங்கச்சி கீழே சோபால இருமிட்டு இருந்தா. சளியான்னு கேட்டீங்க."

அவர் என்னைப் பார்க்காமல் டில்வினைப் பார்த்தார்.

"முன் சுவர்ப் பஞ்சையும் எடுத்துடுங்க."

"முழுசாவா?"

"முழுசாத்தான்" என்றாள் அம்மா.

டில்வின் அடுத்த செங்கல்லில் உளியை வைத்தார்.