நல்ல பெயர் எடுத்த கப்பல்

கிட்ட வாருங்கள் மக்காள், வாசல் பக்கம் கூதல் அடிக்கிறது, உள்ளே தள்ளி இருங்கள். நல்ல பெயர் எடுத்த ஒரு கப்பலின் கதை சொல்கிறேன். சிரிக்கிற கதை இல்லை, ஆனாலும் கேளுங்கள்.

சாய்ந்தமருது நபீலாவின் புருஷன் முத்தலிப், ஒரு பெண்பிள்ளையின் வாப்பா, தொண்ணூற்று நாலில் ஒரு வெளிநாட்டுக் கப்பலில் ஏறினான். கொழும்பு ஏஜன்ட் சம்பளம் கூடின இன்னொரு கப்பலும் காட்டினார். நபீலாதான் விடவில்லை. இந்தக் கப்பலில் விபத்து இல்லை, குறை இல்லை என்று அந்நியத் துறைமுகத்து அதிகாரிகள் பாராட்டுப் பலகை கொடுத்திருந்தார்கள். மற்றக் கப்பல்கள் சோதனைக்காக வெளியே காத்துக் கிடக்க, இது நேரே உள்ளே போகும். யாரும் ஏறிப் பார்ப்பதில்லை.

"என்ட மச்சான்ட கப்பலுக்குச் செக்கிங்கே இல்ல கா" என்று நபீலா கிணற்றடியில் பெருமை பேசுவாள். ஆமி செக்பொயிண்டில் இறங்கி ஏறியே காலம் கழித்த சனத்துக்கு அதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?

மூன்றாம் வருஷம் ஏஜன்ட் ஆள்விட்டுச் சொன்னார்: ஒரு துறைமுகத்தில் இறங்கின முத்தலிப் திரும்பவில்லை, ஓடிவிட்டான்.

"நல்ல கப்பல்ல போனவர், நல்ல இடமாப் பார்த்து இறங்கியிருப்பார்" என்றாள் பக்கத்து வீட்டு நஸீறா. "அங்க ஒருத்தி சோறாக்கிக் குடுப்பாள்."

பிறகுதான் புண்ணியமூர்த்தி வந்தான். திருக்கோவில் பொடியன், அதே கப்பலில் வேலை, லீவில் வந்தவன்.

"ராத்தா, அவர் ஓடல்ல. கப்பல் ஓரத்துக் கம்பியில சாஞ்சு நிண்டவர். துருவுக்கு மேல பெயின்ற் அடிச்ச கம்பி, ஒடிஞ்சு ஆளோட கடலுக்குள்ள போயிற்று. இருட்டும்வரை சுத்திச் சுத்தித் தேடினம்."

"பிறகு?"

"சாவு எண்டு சொன்னா அதிகாரிமார் ஏறுவாங்க, பலகை போயிரும் எண்டு கப்டன் சொன்னார். ஓடிற்றான் எண்டு சொல்லச் சொன்னார். நாங்க தலையாட்டினம்."

நபீலா அன்றைக்கு அழவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவன் மௌத்தை, சாவை, ஊர் ஏற்க வேண்டும். அடக்க மையித்து இல்லாவிட்டாலும் பள்ளிவாசலில் அவனுக்கு, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை தொழ வேண்டும். அவள் வெள்ளை உடுத்து, விதவை வீட்டோடு இருக்கும் இத்தா இருக்க வேண்டும். பள்ளிவாசல் பொறுப்பாளர் மரைக்கார் ஸைனுலாப்தீனிடம் போனாள்.

"கண்ணால கண்ட ஆள் வந்து சொல்லட்டும் மகள், வாற வெள்ளி ஜும்ஆவுக்கே தொழுவம். கேள்விப்பட்டத வச்சித் தொழுதுபோட்டு, நாளைக்கு அவன் வந்து நிண்டா நான் என்ன செய்ய?"

அவர் சொன்னதிலும் பிழையில்லை. நபீலா பஸ் ஏறித் திருக்கோவிலுக்குப் போனாள்.

"நான் வந்து சொன்னா கொழும்புக்குக் கதை போகும் ராத்தா" என்றான் புண்ணியமூர்த்தி. "பிறகு ஒரு கப்பலும் என்ன எடுக்காது. ஊரில நிண்டா ஒரு பக்கம் ஆமி, மற்றப் பக்கம் இயக்கம். அந்தக் கப்பல்தான் எனக்குப் பாதுகாப்பு."

"நானும் அப்பிடித்தான் தம்பி அவர அனுப்பினன்."

அவன் லீவு முடிய அதே கப்பலுக்குப் போய்விட்டான்.

நபீலா இன்னமும் பூப்போட்ட சீலைதான் கட்டுகிறாள். மௌத்தென்று ஊர் ஏற்காதவனுக்காக வெள்ளை கட்டினால் கேலி. நிறம் கட்டினால், பார், இவளுக்கென்ன கவலை என்கிறார்கள். ஓடிப்போனவன் மகள் என்று பிள்ளைக்கும் பெயர். கப்பலுக்கு அந்த வருஷமும் பலகை கிடைத்ததாம்.

உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டுப் போகிறவர்களை அல்லாஹ் பத்திரமாகத் திருப்பிச் சேர்க்கட்டும், மக்காள். சேர்க்கவில்லையென்றால், அவர்களைப் பற்றிய மெய்யான சேதியையாவது உங்கள் வாசலுக்கு அனுப்பட்டும். ஆமீன்.