நம்ம சபை ஆளு

சனிக்கிழமை காலை. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் பழைய கார் விற்கும் டக்ளஸ், ஒரு சிவப்புக் காரைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். பெங்களூரில் பலமாக அடிபட்ட வண்டி அது. முன்பக்கத்தைத் தட்டிச் சீராக்கிப் பெயின்ட் அடித்தாயிற்று. விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மட்டும் மாற்றவில்லை. அந்த இடத்தை மூடி ஒட்டிவிட்டார். கூசவேண்டிய மனம் கூசவில்லை. வியாபாரமாம்!

வாங்க வந்தவர் டைட்டஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் டக்ளஸோடு ஒரே பெஞ்சில் உட்காருபவர். மனைவி ஆனிக்கு இது ஏழாம் மாதம். பிரசவத்துக்குப் பெங்களூருக்குக் கூட்டிப்போக ஒரு வண்டி வேண்டியிருந்தது.

"நாலு லட்சம் ஜாஸ்தி பிரதர். மூணரைக்கு முடிங்க."

"உங்களுக்கு இல்லாததா? எடுத்துக்கோங்க," என்று டக்ளஸ் உடனே இறங்கி வந்தார். டைட்டஸுக்கு வாயெல்லாம் பல்.

ஆனிக்கு அந்தச் சுலபம்தான் உறுத்தியது. "அண்ணா, ஒரு மெக்கானிக்கை இட்டாந்து காட்டிட்டு எடுத்துக்கிறோமே?"

"இன்னா சிஸ்டர், நம்ம சபை ஆளு மேலயே சந்தேகமா?" டக்ளஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இந்த ஒரு கேள்வியில் எத்தனையோ பேர் வாயடைத்துப் போயிருக்கிறார்கள். டைட்டஸும் கூனிக்குறுகி, "சும்மா இரு, ஆனி," என்றார்.

ஆனி சும்மா இருக்கவில்லை.

"எங்கப்பா சுரங்கத்துல ஆளுங்களை எறக்குற கேஜ் கூண்டு மிஷினை ஓட்னவரு. ஷிப்டு ஆளுங்க ஏறுறதுக்கு முன்னாடி, காலி கேஜை ஒருதரம் கீழ வுட்டு மேல இழுத்துப் பாப்பாரு. உங்கப்பாவும் அதுலதானே எறங்குனாரு? யாரை சந்தேகப்பட்டு அதைச் செஞ்சாங்க?"

துடைத்துக்கொண்டிருந்த டக்ளஸின் கை நின்றது. அப்பா ஷிப்டு முடிந்து வரும்வரை அம்மா அடுப்படிக்கும் வாசலுக்குமாக அலைந்தது நினைவுக்கு வந்தது. ஒருநாள்கூட அப்பா வராமல் போனதில்லை. டக்ளஸ் ஆனியின் வயிற்றைப் பார்த்தார்.

டைட்டஸ் நீட்டிய அட்வான்ஸைத் திருப்பித் தள்ளினார். "வேணாம் பிரதர். இது அடிபட்ட வண்டி. ஏர்பேக் கிடையாது. மறைச்சிட்டேன்."

டைட்டஸ் ஆடிப்போனார். "நம்ம சபை ஆளுன்னு நம்பி வந்தேனே!"

"அதைச் சொல்லித்தானே உங்க வாயைக் கட்னேன்." டக்ளஸ் தலை நிமிரவில்லை. "வேற வண்டி பாருங்க, மெக்கானிக்கை நீங்களே இட்டுக்கினு வாங்க. எவ்ளோ வேண்டியவனா இருந்தாலும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் வாங்கணும். அதுக்குக் கோவிச்சுக்கிறவன்கிட்ட வாங்கவே கூடாது. அது நானா இருந்தாலும் சரி."