முள் காட்டிய நாற்பது

கௌதமுக்குத் தன் பழைய பிக்கப் மேல் இருந்த பிரியம் கட்டிய பெண்டாட்டி மேல் இருந்ததா என்பது சந்தேகம்தான். ஏலத்தில் எடுத்த வண்டி. தீவில், டாலிகஞ்சைச் சுற்றி எங்கே வீடு கட்டினாலும் மணலும் சிமெண்டும் சுமந்துகொண்டு மேடேறும். சைட்டுக்குப் போகும் வழியில் கல்லில் அடிப்பக்கம் தட்டுகிறது என்று ஓயாமல் புலம்பிக்கொண்டிருந்தவனுக்கு, உடைக்கப் போன ஜீப் ஒன்றின் சக்கரங்கள் நான்கும் கிடைத்தன. அவனுடையது பதினான்கு அங்குலம், இவை பதினாறு. போல்ட் ஓட்டைகளும் பொருந்தின. விடுவானா, தூக்கிக்கொண்டு நேராக அப்துல் வஹாபின் டயர் கடைக்குப் போனான்.

வஹாப் பழைய டயரின் உயரத்தை டேப் வைத்து அளந்தார்.

"ரிம் பெருசாச்சுன்னா டயரோட பக்கம் ஒல்லியா இருக்கணும் தம்பி. மொத்த உயரம் மாறக்கூடாது. அந்த சைஸ் இப்ப கையில இல்ல. மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்ல வரணும்."

"எப்ப வரும்?"

"கப்பல்காரனுக்கே தெரியாது."

மூலையில் தடித்த டயர்கள் நாலைந்து கிடந்தன. "அது?"

"அது ரொம்ப உயரம். மாட்டலாம், உரசாது. ஆனா ஒரு சுத்துக்கு அதிக தூரம் ஓடும், மீட்டர் சுத்தைத்தான் எண்ணும், அதனால பொய் சொல்லும். முள்ளு நாப்பதுல நிக்கும், வண்டி நாப்பத்தாறு நாப்பத்தேழுல போய்க்கிட்டிருக்கும். உன் பிரேக்கும் பழசு."

"அரே பாய், நான் என்ன ரேஸுக்கா போறேன்? மாட்டுங்க."

தீவில் எல்லாமே இப்படித்தான். கப்பலில் வெங்காயம் வந்தால் வெங்காயக் குழம்பு, வராவிட்டால் வெங்காயமில்லாத குழம்பு. இல்லாததற்காகக் காத்திருந்தால் ஆயுசு போய்விடும் என்று இருப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொள்வார்கள். வஹாபும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று மாட்டிக் கொடுத்துவிட்டார். ஒரு தடவை சொன்னதோடு தன் கடமை முடிந்தது என்று நினைக்கிறவர்களை என்ன செய்வது?

வண்டி ஜம்மென்று நின்றது. கௌதம் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பூரித்துப்போனான்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலை, பள்ளிக்கூட வளைவில் அவன் வந்துகொண்டிருந்தான். அங்கே நாற்பதுக்கு மேல் போகக்கூடாது என்று போர்டு உண்டு. முள்ளைப் பார்த்தான், நாற்பது. எதிர்ச்சாரியில் அதே தெருவைச் சேர்ந்த வைஜெயந்தி, மகள் தமிழரசியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை. யாரையோ பார்த்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு ஓடிவந்தது. கௌதம் பிரேக்கின் மேல் ஏறியே நின்றான். வண்டி நிற்கத்தான் செய்தது. ஒரு ஸ்கூட்டர் நீளம் முன்னாலேயே நின்றிருந்தால் குழந்தை இன்றைக்கு இருக்கும்.

போலீஸ்காரர் இந்தியில் கேட்டார்: "கித்னா ஸ்பீட் தா?"

"சாலீஸ், சாப்." நாற்பது.

வஹாப் சொன்னது அந்த நிமிஷமே அவனுக்கு ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருந்தால் அவனை மன்னித்துவிடலாம். முள் நாற்பதில்தானே இருந்தது, நான் என்ன பொய்யா சொன்னேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஜாமீனும் கிடைத்தது. தெருவே அவன் பக்கம் பேசியது. நிதானமான பையன், நாற்பதைத் தாண்டமாட்டான், விதி, பாவம், அவன் என்ன செய்வான் என்றார்கள்.

அவன் மேல் தப்பில்லை என்றால் யார் மேல்? கையை விட்டவள் மேல்தான். வைஜெயந்தியின் புருஷன் உதயசூரியன் அரசு அலுவலகத்தில் கிளார்க். அதிர்ந்து பேசாத மனுஷன் என்று பெயர் எடுத்தவர். இப்போது அவர் வேலை முடிந்து வந்ததும் சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டது.

"நாப்பதுலதான்டி வந்தான்! நீ ஒழுங்கா கையைப் பிடிச்சிருந்தா என் புள்ள இருந்திருக்கும்!"

அப்புறம் அடி விழும் சத்தம். கௌதம் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பான்.

எத்தனை நாளைக்குக் கூட்டி வைக்க முடியும்? ஒருநாள் தெருக் குழாயில் தண்ணீர் வந்த நேரம், வைஜெயந்தி குடத்தை இடது கையால் தூக்கத் தடுமாறுவதைப் பார்த்து உதவப் போனான். வலது உள்ளங்கை முழுக்க வெந்து தோலுரிந்திருந்தது.

"அடுப்புல பட்டுருச்சு தம்பி" என்றாள். வரிசையில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள். உள்ளங்கை முழுக்க வேகும்படி யாருக்கும் அடுப்பு தானாகப் பட்டுவிடாது. குழந்தையை விட்ட கை அது.

கௌதம் குடத்தை அவள் வீட்டு வாசல் வரை தூக்கிக்கொண்டுபோய் வைத்தான். வீட்டுக்கு வந்து மனைவி பிரியங்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் வெளிறிப்போய், "வாயத் திறந்தா ஜெயிலுக்குப் போயிருவ. நம்ம புள்ளைங்கள நினைச்சுப் பாரு" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் நியாயத்தைத்தான் சொன்னாள். அவன் கையை விடுவித்துக்கொண்டு நடந்தான்.

உதயசூரியன் வீட்டில்தான் இருந்தார். "உக்காரு கௌதம்" என்றார். அவன் உட்காரவில்லை.

"அண்ணே, நான் நாப்பதுல வரல. டயரு உயரம். அதனால மீட்டர் கம்மியா காட்டுது. நாப்பத்தேழுல வந்திருக்கேன். நாப்பதுல வந்திருந்தா நிறுத்தியிருப்பேன். அக்கா மேல தப்பில்ல."

அடிப்பார் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உதயசூரியன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீ நாப்பதுன்னு சொன்னதை வச்சுத்தானேடா நான் இவள..." தன் இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தார்.

வைஜெயந்தி சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தாள். புருஷனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"இது உனக்கு எப்ப தெரியும் தம்பி?"

இன்றைக்குத்தான் வஹாப் பாய் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் நம்புவாள். அந்த வார்த்தை அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"டயர் மாட்டின அன்னைக்கே சொன்னாங்க அக்கா."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை, அழவுமில்லை.

"பதினாறாம் நாள் நீ வரத் தயங்கிக்கிட்டு வெளியவே நின்ன. பாவம், நீயும் ஒடிஞ்சு போயிருக்கியேன்னு நானே வந்து உள்ள கூட்டிக்கிட்டுப் போனேன். இலை போட்டு உக்கார வச்சு, உன் மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாம் என் கைதான்னு சொல்லிச் சொல்லிச் சோறு போட்டேன். நீயும் சாப்பிட்ட. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்" என்றான் கௌதம்.