மூச்சடக்கிய அறைகள்

சினிமாவுக்கு ஒலிப்பதிவு செய்கிறவர் அவர். படப்பிடிப்பில் வாயைத் திறந்தவர்களையெல்லாம் அடக்கி அடக்கியே 'உஷ் அண்ணன்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. காட்சி முடிந்ததும் கையை உயர்த்துவார். எல்லாரும் நின்ற இடத்தில் நிற்க, அந்த அறையின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்வார். அறைக்கு அறை அமைதி வேறு. வசனங்களுக்கு நடுவே ஒட்டுப் போட அது வேண்டும். தொழில் என்றால் சரி. வீட்டிலும் அதையே செய்கிற மனுஷனை என்ன சொல்ல? வாடகை வீட்டைக் காலி செய்யும்போதெல்லாம், சாமான் ஏற்றிய லாரியைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு, காலி அறையில் மைக்கை வைத்து, மனைவியை ஓரமாக நிறுத்திக் கையை உயர்த்துவார்.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. சத்தம் கூடாது என்றால் மூச்சும் கூடாது என்று எடுத்துக்கொண்டு, நிமிடம் முழுக்கக் கன்னம் உப்ப நிற்பார். கை இறங்கியதும் 'ஹ்பூ' என்று விடுவார். மெல்ல மூச்சு விட்டால் மைக்கில் ஏறாது என்று இவர் ஒருநாளும் சொன்னதில்லை. பதிவின் கடைசியில் விழும் அந்த 'ஹ்பூ' அவருக்கு அவ்வளவு பிடிக்கும். போன வருடம் மனைவி இறந்தபின் அவருக்கென்று மிஞ்சியவை மடிக்கணினியில் கிடந்த அந்த மூச்சுகள்தான். மகளிடம்கூடச் சொல்லவில்லை, வெட்கம்.

மடிக்கணினி நிரம்பி வழிந்தது. உள்ளே இருந்த ஹார்டு டிஸ்க்கும் சில நாட்களாக 'டிக் டிக்' என்று முனகியது. மகள் பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி வந்தாள்.

"ஊரையே கொட்டலாம்பா இதுல. பழசுல இருக்கறத இதுக்கு காப்பி பண்ணிட்டு, இத உள்ள மாட்டிடறேன். நீங்க நச்சரிக்காம உக்காருங்க."

மதிய வெயில் தரையில் நீண்டு கிடந்தது. திரையில் பச்சைக்கோடு ஊர்ந்தது. அதைப் பார்த்தபடியே சோபாவில் கண்ணயர்ந்தார். கனவில் அறைகள் வீடு மாறிக்கொண்டிருந்தன. சாமானும் இல்லை, ஆளும் இல்லை. அறைகளே ஒவ்வொன்றாக எழுந்து வாசலைக் கடந்து போயின. சுவர் ஈரமான அறை போயிற்று. ரயில் பாதையோரத்து அறை அதிர்ந்துகொண்டே போயிற்று. ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் கன்னம் உப்ப நின்றாள். பாவம், எவ்வளவு நேரம்தான் பிடிப்பாள் என்று கையை இறக்கப் பார்த்தார். கை இறங்கவேயில்லை.

விழித்தபோது மகள் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள். "முடிஞ்சுதுப்பா. எவ்வளவு வேகம் பாருங்க."

வேகம் கிடக்கட்டும். 'காலி' என்று பெயரிட்ட ஃபோல்டரைத் தேடினார். இல்லை.

"அதுவா? அதுகிட்ட வரும்போதெல்லாம் காப்பி நின்னுடுச்சு. ரெண்டு மூணு தெறந்து கேட்டேன், ஒண்ணுமே இல்ல. வெறும் ஃபைலுன்னு விட்டுட்டேன்."

"கடைசி வரைக்கும் கேட்டியா?"

"ஒண்ணுமே இல்லாதத எதுக்குப்பா கடைசி வரைக்கும் கேக்கணும்?"

நியாயமான கேள்வி.

"உங்கம்மா அதுலதான் இருக்கா" என்றார்.

மகளின் முகம் வெளுத்தது. மேசையில் கிடந்த பழைய டிஸ்க்கை எடுத்து ஒயரில் மாட்டினாள். டிக், டிக், டிக். நின்றுவிட்டது. இன்னொரு தடவை மாட்டினாள், அதே கதை. அவர் கையை உயர்த்தினார். மின்விசிறியை அணைத்தாள். குனிந்து டிஸ்க்கின்மேல் காதை வைத்தார்.

"சுத்தப் பாக்குது, மூச்சு வாங்குது. கழட்டி ஆறவிடு."

ஆறியதும் மறுபடி மாட்டினாள். மூன்றாம் தடவை 'விர்ர்' என்று ஏறியது. ஃபோல்டர் தெரிந்தது.

"இப்ப கேக்க வேணாம்மா. ஒண்ணொண்ணா அள்ளு."

அள்ளினாள். ரயில் பாதையோரத்து அறை மட்டும் வரவேயில்லை. அதைத் தொட்டதும் டிஸ்க் மறுபடி முனகி ஒரேயடியாக அடங்கிவிட்டது. போனது போனதுதான்.

மீதியில் ஒன்றைப் போட்டார். வெறும் அமைதி. மகள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். கடைசியில் 'ஹ்பூ'.

"அம்மா" என்றாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும். அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இந்த ரூமோடது இருக்கா?"

"எப்படி இருக்கும்? இங்கேருந்து இன்னும் காலி பண்ணலையே."

"பரவால்ல, எடுங்கப்பா. இப்பதான் எடம் இருக்கே."

மைக்கை வைத்தார், கையை உயர்த்தினார். வெயில் சுவரில் ஏறியிருந்தது. அறை தன் பாட்டுக்கு இருந்தது. ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தார். மூலையில், கன்னம் உப்ப, முகம் சிவக்க நின்றிருந்தாள்.

மூச்சு விடலாம்மா என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கையை மெதுவாக இறக்கினார். பதிவை நிறுத்தாமல் காத்திருந்தார்.

'ஹ்பூ' என்றாள் மகள்.