டெல்பர்ட் பெண் கேட்ட கதை

கனடாவின் ரெஜைனா நகரத்தில் வளர்ந்த டெல்பர்ட், எங்கள் ஊர்த் தண்ணீர் நிலையத்தைப் பழுது பார்க்க வந்தவர். என் அக்கா லோரெட்டாவைப் பார்த்ததும் இங்கேயே டேரா போட்டுவிட்டார். அக்காவுக்கும் இஷ்டம்தான். அம்மாவிடம் பெண் கேட்பதுதான் பாக்கி. கேட்டால் எங்கள் பூர்வகுடி மொழியான க்ரீயில்தான் கேட்பேன் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

அவரும் க்ரீக்காரர்தான். ஆனால் அவர் வீட்டில் பாஷை விட்டுப்போயிருந்தது. மாலை வகுப்பில் படித்ததோ சமவெளி க்ரீ. நாங்கள் சதுப்புநில க்ரீ பேசுகிறவர்கள். நாங்கள் ‘ந’ சொல்கிற பல இடங்களில் அவர் ‘ய’ சொல்வார். அம்மா சும்மா விடுவாளா?

“வாய்ல என்ன, சுடச்சுட உருளைக்கிழங்கா? ‘நான்’னு சொல்றதுக்கு ‘நீன’ன்னு சொல்லு பாப்போம்.”

“நிய.”

“போச்சு! வெர்னா, வாத்துக் கறிய எடுத்து உள்ள வை. இவனுக்கு இன்னிக்குக் கிடையாது,” என்பாள் என்னிடம்.

எழுத்து இன்னும் மோசம். எங்கள் எழுத்தில் ஒரே வடிவத்தை நாலு பக்கம் திருப்பினால் நாலு ஓசை. படிக்கிற ஆர்வத்தில் மாவு டப்பாவின் மேல் ‘மாவு’ என்று எழுத்தையெல்லாம் தலைகீழாகத் திருப்பி எழுதிவைத்தார். அம்மா அதை வாசிக்க டப்பாவையே தலைகீழாகப் பிடித்தாள். மாவு முழுக்கக் கொட்டியது. அந்தக் குளிர்காலம் பூராவும் வீட்டில் ஒரே சிரிப்புதான்.

அக்கா நர்ஸ் பயிற்சிக்காகத் தாம்சன் நகரத்துக்குப் போயிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பெண் கேட்டேவிட்டார். எங்கள் ஊர் க்ரீயில், ஒரு பிசிறு இல்லாமல். அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். சால்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் அவர் வந்தபோதும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கடுத்த நாள் நான் வேலை பார்க்கும் கடைக்கு வரும் பெட்டியை எடுக்க விமானத் தளத்துக்குப் போனேன். மனிதர் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க, அத்தான்?”

“வெந்த புண்ல வேல் பாய்ச்சாத வெர்னா. உங்கம்மா என் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க. பொண்ணு இல்லைன்னு வாயத் திறந்து சொல்லக்கூட நான் லாயக்கில்லையா?”

எனக்கு வந்த சிரிப்பில் பனியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

“ஐயோ அத்தான்! மாமியார் எங்கயாவது மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்துப் பேசுவாங்களா? மரியாதை என்னாகறது? பிடிக்கலைன்னா திட்டித் தீத்திருப்பாங்க. ஞாயித்துக்கிழமையே நீங்க மாப்பிள்ளை ஆயாச்சு. இதெல்லாம் வகுப்புல சொல்லித் தரலையா?”

அவர் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அப்புறம் அப்படியே நின்றுவிட்டார்.

“அப்ப, இனிமே எப்பவுமே பேச மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“அவங்ககூடப் பேசத்தானே வெர்னா, நான் இவ்வளவும் படிச்சேன்?”

விமானம் வந்து, அவரை ஏற்றாமலே போனது. பையை நான் தூக்கிக்கொண்டேன்.

வீட்டில் அவர் காலடிச் சத்தம் கேட்டதும் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வெர்னா, உங்கத்தான் சாப்பிட்டாரான்னு கேளு.”

இரண்டடி தள்ளி நின்ற அத்தானுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இருந்தாலும் நான் கேட்கும்வரை காத்திருந்தார்.

“இன்னும் இல்லன்னு சொல்லு,” என்றார், என்னைப் பார்த்து.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பெரிய தட்டாகப் பார்த்து எடுத்திருந்தாள்.