மூன்றாவது துளை

எங்கள் வீட்டுக் கேட்டுத் தூணை நான் ஜீப்பால் இடித்தபோது கேட் அகலத் திறந்துதான் இருந்தது. இது என் கண்டுபிடிப்பு அல்ல. வாசலில் நின்ற மாமியார்தான் கேட்டார். "கேட்டு தெறந்துதானே இருந்துச்சு, மாப்ளே?"

கோளாறு என் கைவேலையில். நான் லேத் பட்டறைக்காரன். மனைவி கால்நடை மருத்துவர். மேட்டுப் பாதையில் இருக்கும் கொட்டகைகளுக்குத் தன் பழைய ஜீப்பைத் தானே ஓட்டிப் போகிறவள். நான்கு மாதம் முன்பு, வெளியே வர அடம்பிடித்த ஒரு கன்றை இழுத்ததில் அவள் தோள் விலகிவிட்டது. கன்று நன்றாக இருக்கிறது. அன்றிலிருந்து டிரைவர் நான்தான். பெரிய டயர், பவர் ஸ்டீயரிங் கிடையாது, திருப்பினால் எனக்கே மூச்சு வாங்கும். வேண்டுமானால் திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள், அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றிவிடுகிறேன் என்று அவளுடைய மேலதிகாரி அவளிடம் சொல்லியிருந்தார். எழுதி ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

முன்சக்கரத்தைத் திருப்புகிற இரும்புக் கையைக் கழற்றி, அதைவிட நீளமாக ஒன்று செய்து, வரிசையாக மூன்று துளை போட்டேன். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கம்பியை வெளியே தள்ளித் தள்ளி மாட்டினால் திருப்புவது லேசாகும். ஆனால் கூடுதலாகச் சுற்ற வேண்டும். இந்தப் பின்பாதியைச் செய்தவனே மறந்துவிட்டு, பழைய ஞாபகத்தில் இரண்டே சுற்றுச் சுற்றி வெளியே வந்தேன். தூண் போனது.

கம்பி வளையவில்லை என்று பார்த்துக்கொண்டு, பின்புற மைதானத்தில் தூண் ஏதும் இல்லை என்று மாமியார் உறுதி செய்த பிறகு, மனைவியை ஓட்டச் சொன்னேன். முதல் துளை. ஒரு வட்டம் அடித்து வந்தாள். எப்படி என்றேன். பரவால்ல என்றாள். அடியில் படுத்து, நட்டைக் கழற்றி, இரண்டாம் துளைக்கு மாற்றினேன். பரவால்ல. மூன்றாவது. அதுவும் பரவால்ல. நான்கு மாதமாக இதே பதில்தான். நான் அவளுக்குத் தலைவாரிவிட்டு, புயலடித்த வைக்கோல்போர் மாதிரி அனுப்பிய நாள்களிலும் இதேதான்.

மாட்டுக்காரர்கள் யாராவது இப்படிச் சொன்னால் அவள் லேசில் விடுவதில்லை. தின்னுதா இல்லையா, படுக்குதா இல்லையா என்று கறந்துவிடுவாள்.

"மாடாவது கத்தும்," என்றேன், மறுபடி அடியில் போய்ப் படுத்தபடி. "எந்த ஓட்டையில விடுறதுன்னு எனக்குத் தெரியணும். வலிக்குதா, இல்லையா?"

இன்ஜின் நின்றது. செருப்பு இரண்டும் இறங்கி வந்தன. பக்கத்தில் குந்தி, என் நெற்றியில் இருந்த கிரீஸைத் துடைக்கப் பார்த்து, கன்னம்வரை இழுத்துவிட்டாள்.

"மொதல் ரெண்டுலயும் உயிர் போச்சு," என்றாள். "மூணுல, ஸ்டீயரிங்க முழுசா ஒடிக்கும்போதுதான் வலிக்குது. மேல ஏறிப் போற வரைக்கும் என்னால முடியும். திரும்பி வர்றதுக்குள்ள தோளு ஓஞ்சிடும், அப்ப நீங்க ஓட்டணும். மூணுலயே விடுங்க. அந்தக் கடுதாசியக் கிழிச்சிடுங்க."